முன்பலகைப் பயணி

மாம்பழச் சீசன் முடிந்து
கூழ் ஆலையில் பாய்லர் அணைந்த மறுநாள்
கணக்குப் பிரிவில் எனக்கு எட்டு நாள் லீவு.
சுக்குவுக்கு எப்போதும் லீவுதான்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் சொன்னார்:
ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் போடலாம்,
கோழியைக் கூடையில் வைத்தால் கண்டுக்க மாட்டேன்,
நாய்க்கு டிக்கெட்டே அடிக்கலம்மா கவர்மெண்ட்டு.
பையிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்து
சுக்குவுக்குப் போட்டுவிட்டு
விசில் ஊதினார்.

ஆகவே எக்ஸெல் வண்டி.
முன்பலகையில் நாலு காலையும் ஊன்றி
ஹேண்டில்பார் மேல் மூக்கை நீட்டி
எல்லா ஊருக்கும்
எனக்கு ஒரு முழம் முன்னாடியே போய்ச் சேர்ந்தது.

அணைக்கட்டுப் பூங்கா வாசலில்
நாய்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை.
பலகையின் நிழலில் ஆறு நாய்கள்.
உள்ள விட்டா அதுங்க சும்மா இருக்காதும்மா
என்றார் காவலாளி முனிரத்தினம்.
எதுங்க, என்றேன்.
ஆறும் எழுந்து நின்று பதில் சொல்லின.

எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம் அது:
முதலில் அந்தத் தெரு நாய் ஒத்துக்கொள்ள வேண்டும்.
காவேரிப்பட்டினத்தில் மூன்று எல்லைகள்,
காரிமங்கலத்தில் ஒரு டீக்கடைக்கு மட்டும் இரண்டு.

அதியமான்கோட்டையில் தேய்பிறை அஷ்டமி.
பூசணிக்காய் விளக்கோடு வரிசை
ரோடு வரைக்கும் வந்திருந்தது.
உள்ளே பைரவருக்கு ஒரு வாகனம்.
வெளியே என் வாகனத்தில் ஒன்று.
சேலத்து அம்மா ஒருத்தி சுக்குவின் தலையைத் தொட்டு
கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
பன் வாங்கி ஊட்டினாள்.
கூட்டிட்டுப் போகலாமா உள்ள, என்று கேட்டேன்.
ஐயோ அதெப்படி,
நாயாச்சே.

பென்னாகரம் தாண்டி இறக்கத்தில் குரங்குகள்.
சுக்கு அன்றைக்குத் தலை குனிந்தது
அங்கே மட்டும்தான்.

ஒகேனக்கல்லில் முதல் விடுதி.
நாயைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.
அதை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போய் நின்றேன்.
கூட யாரு?
யாரும் இல்ல.
தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லீங்க.
இரண்டாவதிலும் அதே, கூடவே ஒரு பார்வை.
மூன்றாவதில் சுக்குவைக் காட்டி
தனியா இல்லீங்க, என்றேன்.
அவர் நன்றாகவே சிரித்தார்.
சாவிகள் ஆணியிலேயே தொங்கின,
நாற்பது வயதில் நான் எண்ணிப் பார்த்தேன்,
பதினொன்று.

நீர்வரத்து இருபத்திரண்டாயிரம் கன அடி,
பரிசலுக்குத் தடை.
தார் பூசிய முதுகைக் காட்டிக் கரையில் கவிழ்ந்து கிடந்தன.
மழை பிடித்துக்கொண்டது.
மாதையன் ஒரு பரிசலின் விளிம்பைத் தூக்கி
துடுப்பை முட்டுக் கொடுத்து
நாய் நனையுது, உள்ள தள்ளுங்க, என்றார்.
நான்?
நீங்க நனையத்தானே வந்திருக்கீங்க?
பிறகு இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.

குனிந்து உட்கார்ந்திருந்தோம்.
தார், மீன், ஈர நாய்.
எனக்கு அது ஒரு வாசனையாகத்தான் பட்டது.

மீன் வறுக்கும் சென்னம்மாள்
கடைக்குப் பின்னால் கட்டில் இருக்கிறது என்றாள்.
நாய் காலடியில் படுக்கட்டும்,
மீன் கூடையை மட்டும் மோந்து பார்க்கக் கூடாது.
மோந்து பார்த்தது.
அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.
திட்டிக்கொண்டே ஒரு துண்டை முள் எடுத்து வைத்தாள்.

நள்ளிரவில் அந்தக் கடையின் சொந்த நாய் வந்தது.
செம்பட்டை, காது ஒன்றுதான்.
இரண்டும் குரைத்தன.
அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
வாய்கள் திறந்து திறந்து மூடின,
சத்தம் குறைத்து வைத்த டிவி மாதிரி.
பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது
என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் சுக்கு,
அந்தப் பக்கம் ஒற்றைக்காது.
காலை எந்தப் பக்கம் இறக்கினாலும்
யாரிடமாவது
கேட்டாக வேண்டியிருந்தது.